மலைவாழையில் முடிக்கொத்து: வைரஸ் மாறிவிட்டதா?

தாண்டிக்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். காபிக்கும் மிளகுக்கும் நடுவே விருப்பாட்சி மலைவாழை. பழைய தூர்கள், இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாகும் முடிக்கொத்து நோயில் போனதால், போன வருடம் ஆனி மழைக்குச் சான்றிதழோடு வந்த 600 திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டார். நட்ட பதினோராம் மாதம் ஓடையோரத்து வரிசையில் நோய் தெரிந்தது. இப்போது நாற்பது தூர் வரை வந்துவிட்டது. வத்தலக்குண்டு மருந்துக் கடையில், "இது புது வைரஸ், மாறிப்போன வைரஸ், எதற்கும் அடங்காது" என்றார்களாம். கன்று கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா, வைரஸ் நிஜமாகவே மாறிவிட்டதா என்று கேட்கிறார். அவர் அப்பா வேறொன்று சொல்கிறார்: மேட்டுத் தோட்டத்தில் ஏழெட்டுத் தூர் சுற்றிலும் நோய் இருந்தும் வருடக்கணக்காகத் தார் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அதில் கன்று எடுத்து நட்டால் நோய் தாங்கும் வாழை தானாக உருவாகாதா? ஏலக்காயிலிருந்து இது வந்திருக்குமா என்ற சந்தேகமும் கடைசியில் இருக்கிறது.

வணக்கம்.

முதலில் கன்று கொடுத்தவர்களை விட்டுவிடலாம். நீங்கள் அனுப்பிய தோட்டப் படமே பதில் சொல்கிறது. தாய்ச்செடியிலேயே வைரஸ் இருந்து அது ஆய்வுக்கூடத்தில் பெருகி வந்திருந்தால், நட்ட இரண்டு மூன்று மாதத்துக்குள் தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்திருக்க வேண்டும், பதினோரு மாதம் காத்திருக்காது, அதுவும் ஓடைப் பக்கத்து ஓரத்திலிருந்து வரிசையாக உள்ளே நகராது. ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது என்றால் அது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியில் ஏறிப் பறந்து வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் கிடக்கும் பழைய வாழை என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். வைரஸ் இல்லை என்ற சான்றிதழ், கன்று கூடத்தை விட்டுக் கிளம்பும்போது அதில் வைரஸ் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். நட்டபின் வருவதைத் தாங்கும் என்று அது எங்கும் சொல்லவில்லை, ஆனால் விற்கும்போது பலர் அப்படிக் காதில் விழும்படிதான் பேசுகிறார்கள், அது எனக்கும் எரிச்சல்தான்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வைரஸ் மாறுகிறது. எப்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. "எதற்கும் அடங்காது" என்பதும் சரிதான், ஆனால் அது புதுச் செய்தி இல்லை. 1889-இல் பிஜித் தீவில் முதன்முதலாக எழுதி வைத்த நாளிலிருந்தே எந்த மருந்துக்கும் இது அடங்கியதில்லை. பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லும், செடிக்குள் போய்விட்ட வைரஸைக் கொல்ல உலகில் மருந்து கிடையாது. ஆகவே "அடங்கவில்லை, அதனால் புது வைரஸ்" என்ற கணக்கு தப்பு.

இந்த வைரஸின் உள்கட்டு கொஞ்சம் விசித்திரமானது, தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். முடிக்கொத்து வைரஸ் ஒற்றை இழை டி.என்.ஏ. வைரஸ். அதன் மரபுப்பொருள் ஒரே துண்டாக இல்லை, ஆறு சிறு வளையங்களாக உடைந்து கிடக்கிறது, ஒவ்வொரு வளையமும் ஏறக்குறைய ஆயிரத்துச் சொச்சம் டி.என்.ஏ. எழுத்து. ஒரு வளையம் பெருகுவதற்கான கட்டளையை வைத்திருக்கிறது, ஒன்று மேலுறைப் புரதத்தை, ஒன்று செல் விட்டுச் செல் நகர்வதற்கானதை, ஒன்று வாழைச் செல்லின் வேலை நேரத்தையே தனக்கு ஏற்றபடி திருப்புவதை, இன்னொன்று செல்லின் உட்கருவுக்குள்ளும் வெளியிலும் போய்வருவதை. ஆறாவதன் வேலை இன்னும் சரியாகத் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறும் ஒரே உறைக்குள் இல்லை. ஆறு தனித்தனி உறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நானோமீட்டர் குறுக்களவில் ஒரு துகள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஒரு பஸ், சமையல்காரர் ஒரு பஸ், நாதஸ்வரம் ஒரு பஸ் என்று தனித்தனியாக வந்து சேர்கிற மாதிரி. யாராவது ஒருவர் வராவிட்டால் கல்யாணம் நிற்கும் அல்லவா, இப்படி ஒரு வைரஸ் எப்படித்தான் பிழைக்கிறது என்று ரொம்ப நாள் எல்லோருக்கும் குழப்பம். 2019-இல் பிரான்சில் இதே குடும்பத்தைச் சேர்ந்த, அவரை வகைச் செடிகளைத் தாக்கும் ஒரு வைரஸை வைத்துக் காட்டினார்கள்: எல்லாத் துண்டும் ஒரே செல்லில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பக்கத்துப் பக்கத்துச் செல்களில் பிரிந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு செல்லில் உண்டாகும் புரதத்தை இன்னொரு செல்லில் இருக்கும் துண்டு பயன்படுத்திக்கொள்கிறது.

துண்டு துண்டாக இருப்பதில் வைரஸுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஒரே வாழைக்குள் இரண்டு வகை முடிக்கொத்து வைரஸ் சேர்ந்துவிட்டால், இதிலிருந்து இரண்டு துண்டு, அதிலிருந்து நாலு துண்டு என்று சேர்ந்து புதுக் கூட்டணி கிளம்பலாம். அப்படிக் கிளம்பியவை பதிவாகியும் இருக்கின்றன. அப்புறம், பெருகும்போது நகலெடுப்பதில் வரும் எழுத்துப் பிழை. டி.என்.ஏ. வைரஸ்கள் பொதுவாக மெதுவாக மாறும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம், ஆனால் ஒற்றை இழை வைரஸ்கள் அப்படி இல்லை, ஆர்.என்.ஏ. வைரஸ்களின் வேகத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. ஹவாய்த் தீவுகளில் இந்த வாழை வைரஸையே அளந்து பார்த்ததில், பத்தாயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு ஒன்றைவிடச் சற்று அதிகமாக மாற்றம் நிலைக்கிறது என்று வந்தது. மொத்த வைரஸும் ஆறாயிரத்துச் சொச்சம் எழுத்துதான், ஆகவே வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஓரெழுத்து.

சரி, இவ்வளவு மாறும் வைரஸ் உங்கள் தோட்டத்தில் மாறியிருக்காதா? மாறியிருக்கும். ஆனால் நோய் வந்ததற்குக் காரணம் அந்த மாற்றம் இல்லை. உலகம் முழுக்க உள்ள இந்த வைரஸ்கள் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகின்றன. இந்தியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா ஒரு கிளை, பிலிப்பைன்ஸ், தைவான், வியட்நாம் பக்கம் இன்னொன்று. 1994-இல் முதல்முதலாக ஒப்பிட்டபோது, பெருகும் கட்டளை வைத்திருக்கும் அந்தத் துண்டில், ஒரே கிளைக்குள் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான், இரண்டு கிளைக்கும் நடுவே நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து சதவீதம் வேறுபட்ட இரண்டு கிளைகளும் வாழையை ஒரே மாதிரிதான் கொல்கின்றன. ஏனென்றால் எதிரே நிற்கும் வாழையில் எந்தத் தடையும் இல்லை. பூட்டில்லாத கதவுக்கு வைரஸ் எதற்குப் புதுச் சாவி செய்ய வேண்டும்?

இங்கேதான் உங்கள் அப்பாவின் கேள்வி வருகிறது. ரொம்ப நல்ல கேள்வி, நெல்லிலும் அவரையிலும் அவர் சொல்வது அப்படியே சரி. நோய்க்கு நடுவே தப்பியதை விதைக்கு எடுத்து, அதில் தப்பியதை மறுபடி எடுத்து வந்தால் தாங்கும் ரகம் வரும். விதை இருக்கும் பயிரில். ஒவ்வொரு விதையும் கொஞ்சம் வேறு என்பதால்தான் அங்கே பொறுக்கி எடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. மலைவாழைக்கு விதை கிடையாது. மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ள மலட்டுச் செடி. ஏதோ ஒரு காலத்தில் ஒரே ஒரு தூரில் ஆரம்பித்துக் கன்றாகவே கைமாறி வந்தது. மேட்டுத் தோட்டத்தில் நிற்கும் தூரும், ஓடையோரம் செத்த தூரும், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழத்தைத் தள்ளிய தூரும், மரபில் ஒரே செடிதான். ஆகவே மேட்டில் நிற்பவை தாங்கி நிற்கவில்லை, தப்பி நிற்கின்றன. மேடு, காற்று, நடுவில் சில்வர் ஓக், பக்கத்துத் தூருக்கு இடைவெளி, ஏதோ ஒன்று அசுவினியை அங்கே சேரவிடவில்லை. அபூர்வமாகக் கிழங்கில் சடுதி மாற்றம் வந்து ஒரு தூர் வேறுபடலாம், ஆனால் முடிக்கொத்துக்கு முழுதாகத் தடை உள்ள வாழை உலகத்தில் எங்குமே இதுவரை கிடைக்கவில்லை என்பதை மனதில் வையுங்கள். சில ரகங்களில் நோய் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இது என் கணிப்புதான், ஆனால் உறுதியாக நம்புகிறேன். நோய் உள்ள தோட்டத்தில் பார்வைக்கு நன்றாக இருக்கும் தூராகப் பார்த்துப் பார்த்துக் கன்று எடுத்தால், எந்த வைரஸ் அறிகுறியைத் தாமதமாகக் காட்டுகிறதோ அதுதான் கன்றோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். உடனே அறிகுறி காட்டுவதை நீங்கள் பிடுங்கிவிடுகிறீர்கள், பதுங்கியிருப்பதை ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறீர்கள். வாழையில் பொறுக்குவதற்கு ஒன்றுமில்லாதபோது, அந்தப் பொறுக்கல் வைரஸின் மேல்தான் விழும். தைவானில் அறிகுறியே காட்டாத முடிக்கொத்து வைரஸ் பதிவாகியிருக்கிறது என்பதால் இதை வெறும் பயமுறுத்தலாக எடுக்க வேண்டாம். ஆகவே மேட்டுத் தூர்களில் தார் வெட்டுங்கள், சாப்பிடுங்கள், விற்றுவிடுங்கள். கன்று மட்டும் எடுக்காதீர்கள். அப்பா மனம் கஷ்டப்பட்டால் அந்தத் தூர்களில் மாதிரி எடுத்து, வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பலாம், அதற்கும் கடைசியில் வழி சொல்கிறேன்.

அப்பா காலத்தில் ஒரு தோட்டம் இருபது வருடம் நின்றது என்றால் அதுவும் பொய் இல்லை. பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று கீழ்மலை முழுக்க வாழையாக இருந்த காலம் உண்டு. மலைவாழைப் பரப்பு 1970-களில் 18,000 ஹெக்டேர், பிறகு 2,000 அளவுக்கு வந்தது என்று ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக எழுதுவார்கள். மானாவாரியாக வருடக்கணக்கில் பிடுங்காமல் நிற்கும் தூர் என்பதுதான் மலைவாழையின் அழகு, முடிக்கொத்து நுழைந்தபின் அதுவே அதன் கேடு. கீழே தேனி, திருச்சிப் பக்கம் வருடா வருடமோ இரண்டு வருடத்துக்கொருமுறையோ அழித்து நடுகிறார்கள், சேர்ந்த நோயும் அதோடு கொஞ்சம் போகிறது. மலையில் நோய் வந்த தூர் ஓடையோரம் குட்டி போட்டுக்கொண்டே நிற்கும், குட்டிகள் எல்லாமே நோயோடுதான் முளைக்கும், கேட்பாரில்லை.

ஹவாய் ஆய்வை முன்பே சொன்னேன், அதில் உங்களுக்கு உதவும் இன்னொரு விஷயம் இருக்கிறது. அங்கே 1989-இல் ஒரு தீவில்தான் முதலில் பார்த்தார்கள், பிறகு மற்றத் தீவுகளிலும் வந்தது. எழுத்து வித்தியாசங்களை வைத்து வம்சாவளி போட்டுப் பார்த்தபோது, எல்லாம் ஏறக்குறைய ஒரே வருகையிலிருந்து கிளைத்தவை, தீவு விட்டுத் தீவு போனது மனிதர் கொண்டுபோன கன்றால் என்று தெரிந்தது. கடலைத் தாண்டி அசுவினி பறக்கவில்லை. நம் ஊருக்கும் அதே கதைதான், 1940 வாக்கில் கோட்டயம் பக்கம் தலைகாட்டியது இலங்கையிலிருந்து வந்த கன்றோடு வந்தது என்பார்கள். மலை விட்டு மலை தாண்டுவது கன்றால், தூர் விட்டுத் தூர் தாண்டுவது அசுவினியால். இரண்டையும் தனித்தனியாக மறிக்க வேண்டும்.

அசுவினி என்றால் எல்லா அசுவினியும் இல்லை, வாழை அசுவினி என்று பழுப்புக் கறுப்பில் ஒன்று, கடுகைவிடச் சிறியது. எங்கே பார்ப்பது என்று கேட்டால், இலையில் தேடாதீர்கள். தரையோடு ஒட்டி இருக்கும் காய்ந்த மட்டையை மெல்ல விலக்குங்கள், இல்லையென்றால் பக்கக்கன்றின் விரியாத குருத்துக்குள் பாருங்கள், எறும்பு வரிசை ஏறினால் அநேகமாக அங்கே இருக்கும். நோய்ச் செடியில் நாலு மணி நேரமாவது உறிஞ்சினால்தான் வைரஸ் அதற்குள் போகும், ஆனால் நல்ல செடியில் ஏற்றக் கால் மணி நேரம் போதும், ஏறிய அசுவினி இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கிக்கொண்டு திரியும். அதன் குட்டிக்கு வைரஸ் போவதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கூட்டம் நெரிந்தால் இறக்கை முளைத்தவை கிளம்பும், செடி வாடினாலும் கிளம்பும். இதனால்தான் நோய்ச் செடியை வெறுமனே வெட்டிப் போடுவதைவிட மோசமான வேலை இல்லை என்கிறேன்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடி கொத்தாகும்வரை காத்திருக்க வேண்டாம், அது கடைசிக் கட்டம். புதிதாக விரிந்த இலையின் காம்பை அடியிலிருந்து பிடித்து, மேலே படிந்திருக்கும் வெள்ளை மெழுகைக் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாக விட்டுவிட்டு ஓடும். இலைப் பரப்பில் நடுநரம்பை ஒட்டிய சிறு நரம்புகள், நடுநரம்பைத் தொடும் இடத்தில் கீழ்நோக்கிக் கொக்கியாக வளைந்த கரும்பச்சைக் கோடாகத் தெரியும். இந்த இரண்டும் இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். அடுத்த இலை முந்தியதைவிடக் குறுகி, ஓரம் மஞ்சளாகி, நிமிர்ந்து நிற்கும்.

நீங்கள் அனுப்பிய நாலாவது படம் முடிக்கொத்து இல்லை. மஞ்சள் கீற்று, பிறகு பழுப்பாகிக் கருகும் கீற்று, அது வாழைக் கீற்று வைரஸாக இருக்கலாம், வேறு குடும்பம், வேறு கதை. அதன் மரபுத்துண்டு சில வாழைகளின் குரோமோசோமுக்குள்ளேயே பரம்பரையாகப் பதிந்து கிடக்கிறது. நம் வாழைகள் ஏ, பி என்று குறிக்கும் இரண்டு காட்டு வாழைகளின் வழி வந்தவை, அதில் பி வழிக் குரோமோசோமில்தான் அப்படிக் கிடக்கும், மலைவாழையில் மூன்றில் ஒரு பங்கு பி. குளிர், வறட்சி, திசு வளர்ப்பு மாதிரி ஏதாவது ஒரு நெருக்கடியில் அது விழித்துக்கொள்வதுண்டு, பூவன் வாழையில் இது நன்றாகவே தெரிந்த விஷயம். அந்தச் செடியைக் குறித்து வைத்துக் கவனித்தால் போதும், முடிக்கொத்துக்குக் காட்டும் அவசரம் இதற்கு வேண்டாம்.

ஏலக்காய்ச் சந்தேகத்துக்குச் சுருக்கமான பதில்: இல்லை. இந்த வைரஸுக்கு நெருங்கிய சொந்தமான ஒன்று சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் பெரிய ஏலக்காயைக் குட்டையாக்குகிறது, நம் மலை ஏலத்தில் வரும் கட்டே நோய் முற்றிலும் வேறு வைரஸ். ஏலம், சேம்பு இவற்றில் வாழை அசுவினிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒன்று குடியிருக்கும். அது முடிக்கொத்தை ஏற்ற முடியும் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் வாழையில் குடியேற அதற்கு இஷ்டமில்லை. ஏலத்தைப் பிடுங்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. நோய்த் தூரைத் தொடுவதற்கு முன் அசுவினியைக் கொல்லுங்கள், ஊடுருவிப் பாயும் பூச்சி மருந்து ஏதாவது ஒன்றை, குருத்திலும் அடிமட்டையிலும் நன்றாக நனையும்படி அடியுங்கள், சுற்றியுள்ள இரண்டு மூன்று தூர்களுக்கும் சேர்த்து. ஓரிரு நாள் கழித்துத் தண்டில் 2,4-டி களைக்கொல்லியை ஊசியால் ஏற்றலாம், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 50 கிராமை 400 மில்லி தண்ணீரில் கரைத்து மரத்துக்கு 4 மில்லி. தயவுசெய்து ஊசிதான், கைத்தெளிப்பான் வேண்டாம், பக்கத்தில் காபியும் மிளகும் நிற்கின்றன, சாரல் பட்டால் அவையும் போகும். ஒரு மரத்தில் தெரிந்தால் அந்தத் தூர் முழுவதும், நன்றாக இருக்கும் பக்கக்கன்று உட்படப் போக வேண்டும். தார் முற்றிவிட்டது, வெட்டிவிட்டு அழிக்கிறேன் என்ற பேச்சுத்தான் பாதித் தோட்டங்களைத் தின்றது. மண்ணில் வைரஸ் தங்காது, அரிவாளில் ஒட்டாது, ஆகவே அதே குழியில் மறுபடி நடலாம், பழைய கிழங்கிலிருந்து ஒரு குட்டிகூட எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகு.

ஆனால் இதெல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். ஆஸ்திரேலியாவில் 1920-களில் முடிக்கொத்து வாழைத் தொழிலையே ஏறக்குறைய படுக்கவைத்தது. அவர்கள் மீண்டது புது ரகத்தாலோ மருந்தாலோ இல்லை, யார் தோட்டமாக இருந்தாலும் ஆய்வாளர் உள்ளே போய் நோய்த் தூரை அழிக்கலாம் என்று சட்டம் போட்டு, விடாமல் நடந்து நடந்து அழித்ததால். பிற்பாடு அங்கேயே கணக்கெடுத்ததில், புதிதாக நோய் வந்த செடிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நோய்ச் செடியிலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன, 86 மீட்டருக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. நோய்த் தோட்டத்தை ஒட்டிப் புதுத் தோட்டம் போட்டால் முதல் வருடமே நோய் வர வாய்ப்பு 88 சதவீதம், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போட்டால் 5-க்கும் கீழே. உங்கள் ஓடை எத்தனை மீட்டர் அகலம்? அந்த நிலத்துக்காரர் மதுரையில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், போன் போட்டு, கூலி நானே கொடுக்கிறேன், அந்த வாழையை அழிக்க அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் தர வேண்டிய கூலியை நான் ஏன் தர வேண்டும் என்று தோன்றும். இன்னொரு 600 கன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாங்கும் வாழையே வராதா என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விருப்பாட்சியிலேயே மரபணு மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். வைரஸின் பெருக்கக் கட்டளைத் துண்டின் எழுத்துகளையே வாழைக்குள் வைத்து, அந்த எழுத்து எங்கே தென்பட்டாலும் செடி நறுக்கிவிடும்படி செய்யும் முறை. உங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. வந்தால் அன்றைக்குத்தான் வைரஸின் எழுத்து மாற்றம் நிஜமான கவலை, ஏனென்றால் அந்தத் தடை எழுத்துப் பொருத்தத்தை நம்பி நிற்பது, அப்போது முதல்முறையாக வைரஸ் மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மாதிரி அனுப்புவதென்றால், திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே சோதனை வசதி உண்டு. அதற்கு முன் பக்கத்திலேயே தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு இலையைக் காட்டிவிடுங்கள். கடைசியாக விரிந்த இலையின் காம்போடு சேர்ந்த நடுநரம்புத் துண்டு, ஒரு சாண் நீளம், தண்ணீர் படாமல் நியூஸ்பேப்பரில் சுற்றி, ஒவ்வொரு தூருக்கும் தனிப் பொட்டலமாக, மேலே பென்சிலில் தூர் எண் எழுதி. பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் பஸ்ஸிலேயே அழுகிவிடும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதாவது மூட்டைக்கடியில் கிடக்கும். மேட்டுத் தோட்டத்து ஏழெட்டுத் தூரையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள், ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.